பொழுதுபோக்கும் விசுவாசமும்: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

"இந்தப் படம் பார்க்கலாமா, அண்ணா?" வாலிபர் கூடுகைகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆபாசம் உண்டா, குடி உண்டா, பேய் உண்டா என்று விசாரிப்போம். இல்லையென்றால் சரி என்று விட்டுவிடுவோம். முதல் தவறே இதுதான். முத்தக் காட்சி வந்தால் சேனலை மாற்றுகிற வீடுகளில், பத்துப் பேரை வெட்டிச் சாய்க்கிற காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. பழிவாங்குவதுதான் ஆண்மை என்று இரண்டரை மணி நேரம் சொல்கிற கதையைக் கைதட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆலயத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று ஜெபிக்கிறோம். எந்தக் காட்சி என்பதைவிட, அந்தக் கதை எதை நல்லது என்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளடக்கம் சுத்தமாக இருந்தால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. சமையல் வீடியோவில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் இரவு 11 மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரை அதையே பார்த்தவருக்கு அதிகாலை ஜெபம் எங்கே வாய்க்கும்? "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 6:12). பாவமா என்று கேட்பதோடு, நிறுத்த முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். நிறுத்த முடியாதபடிதான் இவற்றைச் செய்திருக்கிறார்கள். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த அஸா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நெட்ஃபிளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், மக்களின் தூக்கத்தோடுதான் தங்களுக்குப் போட்டி என்று 2017-ல் சொன்னார்.

"நான் பலமுள்ளவன், என்னை ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையும் ஆபத்துதான். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான பரிசுத்த அகஸ்டினின் நண்பர் அலிப்பியுஸ் 4-ஆம் நூற்றாண்டில் சட்டம் படிக்க ரோமுக்குப் போனவர். வாள்வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டை அடியோடு வெறுத்தார். நண்பர்கள் ஒருநாள் அவரை அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடம்பைத்தானே இழுக்கிறீர்கள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. கூட்டம் ஒரேயடியாக ஆர்ப்பரித்தது. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கண்ணைத் திறந்தார். அந்த ரத்தத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு தானே திரும்பத் திரும்பப் போனார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். கர்த்தர் அவரை மீட்டெடுத்ததும், பின்னாளில் அவர் தகாஸ்தே நகரத்தின் ஆயரானதும் வேறு கதை. ஆனால் அன்றைக்கு அவரை வீழ்த்தியது பக்கத்திலிருந்த கூட்டத்தின் சத்தம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நாம் மட்டும் பார்க்கவில்லையே என்ற நெருக்கடி இன்று நம் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது.

குடும்ப ஜெபத்தில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வேதாகமம் ஃபோனில் இருக்கிறது. சங்கீதம் 119 வாசிக்கிறார்கள். "மாயையைப் பாராதபடி நீர் என் கண்களை விலக்கி" என்ற வசனம் வரும்போது, திரையின் மேலிருந்து ஐபிஎல் ஸ்கோர் இறங்கி வசனத்தை மறைக்கிறது. மாலை ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது, பல வீடுகளில் ஜெப நேரமும் ஏறக்குறைய அதுதான். அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள், ஃபோன் அடுத்த அறையில் கிடக்கட்டும். அரை நிமிடப் பிரசங்கத் துண்டுகளைப் பார்த்துவிட்டு அதைத் தியானமாகக் கணக்கு வைப்பதையும் விட்டுவிடலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் "சினிமாவே பாவம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. பிள்ளை பார்ப்பதை நிறுத்துவதில்லை, நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்துகிறது. கூடவே உட்கார்ந்து பாருங்கள். "அவன் அவளை அப்படிப் பேசினது சரியா?" என்று கேளுங்கள். பதில் வரும்.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முன்வரும் லெந்து நாட்களில் 40 நாள் சீரியலும் ரீல்ஸும் வேண்டாம் என்று தீர்மானிப்பது நல்லதுதான். ஆனால் காலியான அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. பெருக்கி ஜோடித்து வெறுமையாக விட்ட வீட்டுக்கு, வெளியேறிய ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக இயேசு சொன்னார் (மத்தேயு 12). உயிர்த்தெழுந்த பண்டிகை ஆராதனை முடிந்த மத்தியானமே விட்டுப்போன எபிசோடுகளை மொத்தமாகப் பார்த்துத் தீர்ப்பது இதனால்தான். லெந்து தொடங்கும்போதே காலியாகும் அந்த நேரத்துக்கு ஒரு வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பெரியம்மாவைப் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு ஒரு கீர்த்தனையை முழுதாகச் சொல்லிக் கொடுக்கலாம், பாதியில் விட்ட ஏசாயாவை மறுபடி எடுக்கலாம். பண்டிகைக்கு அப்புறமும் அதே நேரத்தில் அதைத் தொடருங்கள்.