பழைய கணப்பில் விறகு ஸ்டவ்: எங்கே தவறு நடக்கிறது?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடு வாங்கினால் வரவேற்பறையில் ஒரு கணப்பும் சேர்ந்தே வரும். திறந்த கணப்பில் விறகு எரித்தால் சூட்டின் பெரும்பகுதி மேலே போய்விடும். அறைக்குக் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. மூடிய ஸ்டவ்வில் முக்கால் பங்கு வீட்டுக்குள் தங்கும். அதனால் மாற்றுவது நியாயம்தான். ஆனால் எல்லோரும் முதலில் போவது ஸ்டவ் கடைக்கு. பார்க்க வேண்டியது புகைபோக்கியை.

அது நிலக்கரிக்காகக் கட்டியது. உள்ளே சாந்து உதிர்ந்திருக்கும், மேலே பறவை கூடு கட்டியிருக்கும். சுத்தம் செய்பவரைக் கூப்பிட்டு, அப்படியே புகைச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கீழே புகை வில்லையைப் பற்றவைத்து, மேல்வாயை அடைத்துவிட்டு, மாடிப் படுக்கையறையில் எங்காவது புகை கசிகிறதா என்று சுவரோரமாகப் பார்ப்பார்கள். பரணையும் விடக்கூடாது.

அடுத்த தவறு, லைனர் செலவை, அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் உலோகக் குழாயின் செலவை மிச்சம் பிடிப்பது. அகலமான செங்கல் புகைபோக்கிக்குள் ஸ்டவ்வின் புகை மெதுவாக ஏறும், குளிரும், தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு லைனர் போட்டால் புகை சூடாகவே வெளியேறும். விறகுக்குப் பொதுவாக 150 மில்லிமீட்டர் விட்டம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு (புகைபோக்கியில் புகை விடுவதற்குத் தடை உள்ள இடம்) அனுமதி பெற்ற சிறிய ஸ்டவ்களுக்கு 125 போதும்.

தார் படிய இன்னொரு காரணம், அளவுக்கு மீறிய ஸ்டவ். அறையின் கன மீட்டரை 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும். 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.5 என்றால் மூன்று கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். அங்கே போய் எட்டு கிலோவாட் வைத்தால் அரை மணியில் வியர்க்கும். உடனே காற்றைக் குறைப்பீர்கள், நெருப்பு புகைந்து கொண்டே கிடக்கும், கண்ணாடி கறுத்துப்போகும். கண்ணாடியில் படிந்தது லைனரிலும் படிந்திருக்கும்.

கணப்பின் மேல் அழகுக்காக ஓக் கட்டை பதிப்பது இப்போது மோகம். ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். தடுப்புத் தகடு வைத்தால் பாதி போதும். கணப்பின் குழிக்குள் சாதாரண பிளாஸ்டர் பூசினால் சூட்டில் வெடிக்கும். அதற்கென்று வெப்பம் தாங்கும் பலகைகள் உண்டு.

காற்று விஷயம் நம் வீடுகளில் கொஞ்சம் சிக்கல். சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருந்து, தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டால், அது ஸ்டவ்வின் புகையையும் வீட்டுக்குள் இழுக்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும், வாசனை இருக்காது. அதற்கான அலாரம் ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இது சட்டம். பழைய வீடானாலும் 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் மூடவே முடியாத காற்றுத் துளையும் கட்டாயம். குளிர் வருகிறதென்று அதில் துணி அடைக்காதீர்கள்.

தெரிந்த பில்டரை வைத்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹெட்டாஸ் (விறகு ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவுள்ளவர் பொருத்தினால் அவரே சான்றிதழ் தருவார். மற்றவர் செய்தால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லையென்றால் வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே புகை கக்கினால் 300 பவுண்டு வரை அபராதம்.

கடைசியில் விறகு. 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 'ரெடி டு பர்ன்' முத்திரையைப் பாருங்கள். மலிவாக மொத்தமாகக் கிடைத்தால் ஒரு கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்தது போலத்தான் காட்டும்.