டியூடர் காலத்துப் பணக்காரர், ஏழை: பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், டியூடர் அரச மரபு இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் பணக்காரரும் ஏழையும் எப்படி வாழ்ந்தார்கள் என்ற பாடம் பெரும்பாலும் ஒருநாள் வீட்டுக்கு வந்துவிடும். தாளின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பட்டு, வெல்வெட், மான்கறி. அந்தப் பக்கம் முரட்டுக் கம்பளி, கஞ்சி.

அந்தக் கோடுதான் முதல் தவறு. 1577இல் எழுதிய வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியாரே மக்களை நான்காகப் பிரித்தார்: பிரபுக்களும் கனவான்களும், நகரத்து வணிகர்கள், யோமன் எனப்பட்ட வசதியான விவசாயிகள், கடைசியில் கைவினைஞரும் கூலிக்காரரும். நடுவில் இருக்கும் இரண்டு வகையையும் விட்டுவிட்டால் பாதி இங்கிலாந்தே காணாமல் போகும்.

அடுத்தது, 1485 முதல் 1603 வரையான டியூடர் ஆட்சியின் 118 ஆண்டுகளை ஒரே நாள்போலச் சொல்வது. தலைக்கு மரக்கட்டையை வைத்து வைக்கோலில் படுத்த காலத்தையும், பிறகு புகைபோக்கியும் தலையணையும் பெருகியதையும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு ஹாரிசன் எழுதிவைத்தார். "டியூடர் மக்கள் வைக்கோலில் தூங்கினார்கள்" என்று பிள்ளை எழுதினால், எந்த வருஷம், யார் வீட்டில் என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது, ஏழை என்றதும் பிச்சைக்காரன் படத்தை ஒட்டுவது. 1570இல் இங்கிலாந்தின் நாரிச் நகர அதிகாரிகள் தங்கள் ஊர் ஏழைகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 2,300 பேர். பெயர், வயது, தொழில் எல்லாம் பதிவாயின. பார்த்தால், பெண்களில் பெரும்பாலோர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள். வயதான விதவைகளும் நூற்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் நூற்பும் பின்னலும்தான் வேலை. உழைத்தும் வயிறு நிறையவில்லை. ஆனால் சட்டம் அவர்களைச் சோம்பேறிகளாகவே சந்தேகித்தது: உடல் வலுவோடு ஊர் சுற்றுபவருக்கு 1531இல் சவுக்கடி, 1572இல் காதில் சூடு.

இங்கே 'ஏன்' என்ற கேள்வி வராவிட்டால் பாடமே வீண். மக்கள்தொகை கூடியது, விலைவாசி ஏறியது. கம்பளிக்காகச் செம்மறி ஆடு வளர்த்தால் லாபம் என்று பல ஊர்களில் பொதுநிலத்தை வேலி போட்டு அடைத்தார்கள். 1536–40இல் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடியதும் அங்கே கிடைத்த அன்னதானமும் நின்றது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கடைசியில் வசதிபடைத்தவர்கள் கைக்கே போனது. ஒரு பக்கத்துச் செல்வமும் மறுபக்கத்து வறுமையும் இப்படித் தொடர்புள்ளவை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நிச்சயம் விளக்க முடியும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஏழையின் கிண்ணத்தில் உருளைக்கிழங்கும் தக்காளியும் வரைய வேண்டாம்; அவை அப்போது அவர்கள் உணவில் இல்லை. பணக்காரர் ஆரோக்கியமாகச் சாப்பிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டாம். ராணி முதலாம் எலிசபெத்தின் பற்கள் கறுத்திருந்ததை 1598இல் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் குறித்து, சர்க்கரைமேல் பழி போட்டார். அதற்காக ஏழையின் கஞ்சியைப் புகழ்ந்துவிடவும் கூடாது. 1590களின் நடுவில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தபோது பட்டினியால் செத்தவர்கள் அவர்கள்தான்.

எல்லாரும் அழுக்காகத் திரிந்தார்கள் என்பதும் சும்மா. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து மாலுமிகளின் பேன்சீப்புகள் ஏராளமாகக் கிடைத்தன.

பள்ளியில் வேடமிடும் நாளுக்கு ராணி கவுனையே தேட வேண்டியதில்லை. மகனுக்கு ஒரு கம்பளித் தொப்பி போதும். தொப்பி செய்வோர் பிழைப்புக்காக 1571இல் ஒரு சட்டம் வந்தது: கனவான்களும் பெண்களில் பலரும் நீங்கலாக, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிறுதோறும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தவறினால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். கூலிக்காரருக்கு அது பல நாள் சம்பளம்.