பின்னோக்கி ஓடிய சேர்வர் மணிக்கூடு: என் அனுபவம்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு திங்கட்கிழமை கணக்குப் பார்க்கிற அக்கா கோல் எடுத்தா: "தம்பி, 10:42 பில்லுக்கு அடுத்த பில் 10:39 எண்டு விழுந்திருக்கு."

சேர்வரின் மணிக்கூடு கிழமைக்கு 3 நிமிடம், அதாவது நாளுக்கு 25 செக்கன் அளவில் முந்தி ஓடியது. திங்கள்தோறும் கிரொன் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) வழியாக என்டிபிடேட் என்ற நேரம் திருத்தும் புரோகிராம் ஓடி, நேரத்தை ஒரேயடியாகப் பின்னுக்கு இழுத்தது. ஓடுகிற டேட்டாபேஸுக்கு இதைவிடக் கேடு இல்லை.

அந்தக் கிரொன் வரியை அழித்து, குரோனி என்ற வேறொரு நேரம் திருத்தும் புரோகிராமைப் போட்டேன். அது வழக்கமாக நேரத்தை ஒரேயடியாக மாற்றிப் பாய்வதில்லை; மணிக்கூட்டின் வேகத்தையே மெல்லக் குறைத்துச் சரிக்கட்டும், மணிக்கூடு எந்த வேகத்தில் பிழைக்கிறது என்பதை டிரிஃப்ட் ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதன் செட்டிங்கில் உள்ள 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியால், தொடங்கியதும் வரும் முதல் 3 திருத்தங்களில் மட்டும், அதுவும் பிழை 1 செக்கனைத் தாண்டினால்தான் பாயலாம்.

அப்படியும் வெளியிலுள்ள நேர சேர்வர்களிடமிருந்து நேரம் வரவில்லை. ஃபயர்வோலில் நேரம் வந்துபோகிற வழியான யுடிபி 123 மூடிக் கிடந்தது! திறந்துவிட்டேன்.

பிறகு கரண்ட் போய் வந்தபோது திகதி பழைய வருடத்துக்குப் போனது. கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓடவைக்கிற, மதர்போட்டின் சிஆர் 2032 பற்றரியை மீற்றரில் பார்த்தால் 2.1 வோல்ட், 3 இருக்கவேண்டும். புதிதைப் போட்டேன். இப்போது பிழை 2 மில்லிசெக்கனுக்குள் நிற்கிறது.