மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்கு: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும் கணக்கிடும் முறை

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குத் தரைவழியாகச் செல்பவர் முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க வேண்டும். திமிலைதீவுப் பக்கம் வாவிக்கரையில் இருக்கும் நமது விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் வரையான வான்வழித் தூரம் எவ்வளவு, அதைக் கடக்கச் சிறிய விமானமொன்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை, சாதாரண தரக் கணிதம் படித்த எவரும் தாமே கண்டறியலாம்.

முதலில் இரு இடங்களின் ஆள்கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, ஓடுபாதையின் நடுவில் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் அவை தோன்றும். மட்டக்களப்பு வடக்கு 7.70, கிழக்கு 81.68 பாகை, இரத்மலானை வடக்கு 6.82, கிழக்கு 79.89 பாகை.

அடுத்து வித்தியாசங்களைக் காணுங்கள். அகலாங்கில் 0.88 பாகை, நெட்டாங்கில் 1.79 பாகை. அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால் வடக்குத் தெற்காக உள்ள தூரம் 98 கிலோமீற்றர். நெட்டாங்கில் மட்டும் கவனம் தேவை. நெட்டாங்குக் கோடுகள் துருவங்களை நோக்கி நெருங்கிச் செல்வதால், 111ஐ இரு இடங்களுக்கும் நடுவேயுள்ள அகலாங்கின் கோசைனாலும் பெருக்க வேண்டும். இலங்கை மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்தப் பெறுமானம் 0.992, குறைவு மிகச் சிறியது. இலண்டனின் அகலாங்கிலோ ஒரு பாகை ஏறக்குறைய 69 கிலோமீற்றராகச் சுருங்கிவிடும். ஆகவே இந்தப் படியைத் தவிர்க்கும் பழக்கம் வேண்டாம். கிழக்கு மேற்காக நமக்குக் கிடைப்பது 197 கிலோமீற்றர்.

இனிப் பைதகரஸ் தேற்றம் போதும். 98இன் வர்க்கத்தையும் 197இன் வர்க்கத்தையும் கூட்டினால் 48,413. அதன் வர்க்கமூலம் 220. இதுவே கிலோமீற்றரில் வான்வழித் தூரம். புவியின் வளைவைப் புறக்கணிக்கும் இம்முறை இத்தகைய குறுகிய தூரங்களுக்கே பொருந்தும்.

இத்தடத்தில் பறந்துள்ள செஸ்னா 208 கரவன் விமானத்தின் வேகத்தை மணிக்கு 320 கிலோமீற்றர் எனக் கொண்டால், 220ஐ 320ஆல் வகுத்து 60ஆல் பெருக்க, 41 நிமிடங்கள் வரும். ஓடுபாதைக்குச் செல்லவும், மேலெழவும், இறங்கவும் பத்துப் பதினைந்து நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு முக்கியமாகப்படுவது அதுதான். இரத்மலானை நமக்கு மேற்குத் தென்மேற்காக இருப்பதால், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் ஏறக்குறைய அதன் முகத்துக்கு நேரே பறக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் எதிர்க்காற்று இருந்தால் தரைமீதான வேகம் 280 ஆகக் குறைந்து, போகும் நேரம் 47 நிமிடங்களாகும். திரும்பி வருகையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வேகம் 360, நேரம் 37 நிமிடங்கள். போகவர மொத்தம் 84. காற்றில்லாத நாளிலோ 82. போகும்போது இழந்த நேரம் வரும்போது முழுமையாகத் திரும்பக் கிடைப்பதில்லை. ஏனெனில் எதிர்க்காற்றுக்குள் விமானம் கூடுதலான நேரத்தைச் செலவிடுகிறது.