ஆட்டிசம் என்று வளர்ந்த பிறகு தெரிந்ததா? உதவி தேடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்திப்புக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தார். வயது 29. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகிறது. பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். 'கண் பார்த்துப் பேசும் பயிற்சி, 24 சிட்டிங்.' எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடத்துக்கு முன், என் 34 வயதில், இதே பயிற்சிக்குத்தான் நானும் பணம் கட்டினேன்.

சென்னையில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். எல்லோரும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள். நான் விழுந்த குழியிலேயே புதியவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இணையக் கேள்வித்தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், மந்திரிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நடிப்பைக் கற்றுக்கொள்ளக் காசு கட்டுவது

நம் ஊரில் ஆட்டிசத்துக்குத் தெரபி என்று விசாரித்தால் பெரும்பாலும் குழந்தைகளுக்கான மையத்தைத்தான் காட்டுவார்கள். நான் போனதும் அப்படி ஒன்றுதான். சுவரெல்லாம் அ, ஆ, பழப் படங்கள். முழங்கால் இடிக்கும் உயரத்தில் மேசை. எதிரில் இருந்தவர் கையில் ஸ்டாப்வாட்ச். முதல் வாரம் மூன்று நொடி அவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் ஐந்து. முடியாவிட்டால் எதிரில் இருப்பவரின் பொட்டைப் பாருங்கள், கண்ணைப் பார்ப்பது போலவே இருக்கும் என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 'இப்போ எவ்வளவோ தேவலை' என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார்.

ஒருநாள் ஆபீஸில் மேலாளர் புது வேலை ஒன்றை இருபது நிமிடம் விளக்கினார். நான் அவர் பொட்டிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, கீழ் ஓரம் லேசாக உரிந்திருந்தது. இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அவர் சொன்ன தேதிகளில் ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை. எங்களில் பலருக்குக் காது நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் கண் வேறெங்காவது இருக்க வேண்டும். தரையைப் பார்த்துக் கேட்ட காலத்தில் நான் ஒரு தேதியையும் தவறவிட்டதில்லை.

ஐந்தாவது மாதம் உடம்பு நின்றுவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்குப் போட முடியாது. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். பேச்சு வராமல் சைகையில் தண்ணீர் கேட்டிருக்கிறேன். கடைசியில் ஒன்பது வருட வேலையை விட்டேன். சிட்டிங்குக்கு 1,500 ரூபாய் வீதம் 36,000 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. முப்பது வருடம் என்னவென்றே தெரியாமல் மற்றவர்களைப் போல நடித்து நடித்து, அந்தக் களைப்பில்தான் நான் மருத்துவரைத் தேடிப் போனேன். அந்தக் களைப்போடு வந்தவளுக்கு இன்னும் நன்றாக நடிக்கக் கற்றுக்கொடுத்தார்களே, அதுதான் இன்றும் ஆறவில்லை.

பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது முடிந்தால் என் நாள் எப்படி லேசாகும்?' 'வெளியே யாருக்கும் வித்தியாசமே தெரியாது' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சத்தம், வெளிச்சம், தூக்கம், பதற்றம், ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்வது என்று பேசுகிறவரிடம் உட்காருங்கள். கூடவே வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. ஆட்டிசத்தை எடுத்துவிட மருந்து கிடையாது.

தம்பிக்கு இன்னும் 19 சிட்டிங் மீதி. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழ் வாங்கும் நாளில் சமாளிப்பது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் தனியார் மருத்துவரின் ரிப்போர்ட் வேறு, அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேறு. வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குச் சான்றிதழில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அங்கே ஆட்டிசத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பார்க்கிறவர் கண்ணில் பட்டதும், கூட வந்தவர் சொன்னதும்தான் மதிப்பெண்ணாகும்.

எங்கள் சந்திப்புக்கு வரும் அக்கா ஒருவர் இஸ்திரி போட்ட புடவையும் சிரித்த முகமுமாகப் போய், எல்லாவற்றுக்கும் 'சமாளிச்சுக்குவேன் சார்' என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மறுமுறை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதில் எப்போது பேசினார், பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தார், இப்போது வீட்டில் எதற்கெல்லாம் துணை வேண்டியிருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியும் எடுத்துப் போனார். சான்றிதழ் கிடைத்தது.

ஆபீஸில் பெயரை மட்டும் சொல்வது

'எனக்கு ஆட்டிசம்' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'பேன்ட்ரி கதவுப் பக்கம் உட்கார்ந்தால் கவனம் சிதறுகிறது, இடம் மாற்றித் தாருங்கள். வாயால் சொல்லும் வேலையை மெயிலிலும் போடுங்கள்' என்றால் செய்துவிடுவார். இப்போதைய வேலையில் நான் கேட்டது இந்த இரண்டுதான், ஒரே வாரத்தில் கிடைத்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதி உண்டு என்று சொல்லும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்று இருந்தாக வேண்டும். முதலில் அதை வாங்கிப் படியுங்கள், அப்புறம் எழுத்தில் கேளுங்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே வாரத்தில் சொல்வது

வேண்டாம். முதலில் ஒருவர் போதும்.

பெற்றோர் குழுக்களில் துணை தேடுவது

அங்கே பேச்செல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றித்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது உங்களைப் போன்ற பெரியவர்கள்.

தாங்க முடியாத ராத்திரியில் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருப்பது

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். உங்களுக்குப் பேச்சு வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்.