ஃபோம் கேனனுக்கு ஷாம்பு கலக்கும் முறை: புட்டிக்குள் பார்க்காதீர்கள், வண்டியின் மேல் பாருங்கள்

ஃபோம் கேனன் என்பது பிரஷர் வாஷரில் (தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சும் இயந்திரம்) மாட்டி, தன்னோடு இணைந்த புட்டியிலுள்ள ஷாம்பு கலவையை வண்டியின் மேல் நுரையாகப் பீச்சும் கருவி. அதை வாங்கிய புதிதில், ஷாம்பு டப்பாவில் அச்சிட்டிருந்த 1:10 என்ற அளவை நம்பிக் கலந்தேன். நுரை மோர் போல வழிந்து இரண்டே நிமிடத்தில் தரைக்கு வந்துவிட்டது. ஷாம்பு போதவில்லை என்று எண்ணி, ஒவ்வொரு ஞாயிறும் கூட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒரு லிட்டர் புட்டியில் அரை லிட்டர் ஷாம்பு ஊற்றினேன். நுரை கெட்டியாக நின்றது உண்மைதான். ஆனால் கண்ணாடி ரப்பரின் ஓரங்களிலும் கதவு இடுக்குகளிலும் அது வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்துவிட, வண்டியை மூன்று முறை அலச வேண்டியிருந்தது. அந்தத் தவறு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகு பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். பிரஷர் வாஷரை இயக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பொருள்கள். கேனனின் உடல் பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உடலில் மரை சீக்கிரம் தேய்ந்து ஒழுகும். உள்ளே தண்ணீர் பாயும் துளை 1.25 மி.மீ., 1.1 மி.மீ. என இரு அளவுகளில் கிடைக்கிறது. வீட்டு உபயோகத்திற்கான சிறிய இயந்திரம் என்றால் 1.1 மி.மீ. துளையையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் குறைந்த தண்ணீர் வரத்துக்குப் பெரிய துளை போதிய வேகத்தைத் தராது. வேகம் இல்லாவிட்டால் கேனன் காற்றையும் ஷாம்புவையும் சரியாக இழுக்காது. ஷாம்பு, காருக்கென்றே தயாரிக்கப்பட்ட, அமிலமும் காரமும் மிகாத வகையாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது எண்ணெய்ப் பிசுக்கோடு வண்டியின் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். இவற்றோடு மில்லிலிட்டர் கோடு போட்ட ஓர் அளவுக் கோப்பையும், 20 லிட்டர் வாளி ஒன்றும் தேவை.

இனி என்னைத் தடுக்கிவிட்ட இடத்துக்கு வருவோம். புட்டியில் நாம் கலக்கும் கலவை அப்படியே வண்டியின் மேல் விழுவதில்லை. இயந்திரத்திலிருந்து வேகமாகப் பாயும் தண்ணீர், புட்டியிலிருந்து கலவையைச் சிறிது சிறிதாக இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஷாம்பு இரண்டாம் முறையும் நீர்த்துப்போகிறது. எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பது உங்கள் இயந்திரத்தையும், கேனனையும், அதன் மேலுள்ள திருகை எவ்வளவு திறந்திருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஷாம்பு டப்பாவில் அச்சிட்ட அளவுக்கு இவை எதுவும் தெரியாது.

எனவே ஒருமுறை அளந்துவிடுங்கள். புட்டியில் சரியாக ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் நிரப்பி, ஷாம்பு சேர்க்காமல் கேனனை மாட்டுங்கள். மேலுள்ள திருகை, வழக்கமாகப் பயன்படுத்தப்போகும் நிலையில் வைத்து, முனையைக் குறுகலாக்கி, வாளியின் உள்சுவரில் சாய்வாகப் பீச்சுங்கள். தெறிக்காமலிருக்க வாளியின் வாயை ஈரத்துணியால் பாதி மூடிக்கொள்ளலாம். புட்டி காலியானதும் நிறுத்தி, வாளியில் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு 15 லிட்டர் வந்தது. அதாவது, புட்டியில் நான் ஊற்றும் ஷாம்பு எவ்வளவானாலும் அது 15 லிட்டரில் பரவியே வண்டியைச் சேர்கிறது.

அதன்பின் கணக்கு எளிது. வண்டியின் மேல் 1:200 என்ற அளவில் ஷாம்பு இருக்க வேண்டுமென்றால், 15,000 மில்லியை 200ஆல் வகுக்க 75 மி.லி. வருகிறது; ஒரு லிட்டர் புட்டிக்கு அவ்வளவுதான். நான் அரை லிட்டர் ஊற்றிய நாளில் அது 1:30 ஆக இருந்திருக்கிறது. என் சிறிய காருக்கு அரைப் புட்டியே போதுவதால் இப்போது 37 மி.லி. ஷாம்புவோடு நிறுத்திக்கொள்கிறேன். 1:200 என்பது என் ஷாம்புவுக்கு ஒத்துவந்த அளவு. நீங்கள் அங்கே தொடங்கி, அலசும்போது வழுக்கல் எளிதில் போகாவிட்டால் குறையுங்கள், அழுக்கு இளகாவிட்டால் சிறிது கூட்டுங்கள். திருகின் நிலையை மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது என்பதால், அளந்த நிலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, ஷாம்புவைப் பிறகு ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் புட்டிக்குள்ளேயே நுரை பொங்கி அளவு தெரியாமல் போகும். மூடிய பின் குலுக்காமல் நான்கைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கெட்டியான ஷாம்புவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது.

வண்டியை முதலில் வெறும் தண்ணீரால் அலசி, பிறகு நுரையைப் பூசி, நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்கு முன் கழுவுங்கள். சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்குள், பானெட் சூடில்லாத நேரத்தில் முடித்துவிடுவது உத்தமம். நுரை, மணலையும் தூசியையும் இளக்கி இறக்கும்; ஒட்டிய படலத்தை எடுக்க அதன்பின் கையுறையால் மெதுவாகத் துடைத்தே ஆக வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த பலர், போர்வெல் தண்ணீரில் நுரை வருவதில்லை என்றும், புட்டியில் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் நுரை குறைவது உண்மை. ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: 15 லிட்டரில் 14 லிட்டர் இயந்திரத்தின் வழியாகத்தான் வருகிறது. புட்டியிலுள்ள ஒரு லிட்டரை மாற்றுவதால் பெரிய பலன் கிடைக்காது. பிடித்துவைத்த மழைநீரோ மென்னீராக்கியின் தண்ணீரோ இயந்திரத்துக்கே போகுமாறு செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாதவர்கள் ஷாம்புவைச் சிறிது கூட்டி, கடைசி அலசல் முடிந்த உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள், இல்லையேல் உப்புப் புள்ளிகள் படியும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; உப்பின் பெரும்பகுதி அதில்தான் செறிந்திருக்கிறது.

இன்னொருவருக்கு அளவெல்லாம் சரியாக இருந்தும், சில மாதங்களில் நுரை மெலிந்துபோனது. கேனனுக்குள் இருக்கும் கம்பிவலைதான் காற்றையும் கலவையையும் நுரையாக உடைக்கிறது. காய்ந்த ஷாம்புவும் உப்பும் அதை அடைத்திருந்தன. வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவியதும் பழைய நுரை திரும்பியது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் புட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பி, அரை நிமிடம் பீச்சிய பிறகே கேனனைக் கழற்றி வையுங்கள்.