கோப்புப் பரிமாற்றத்தைக் கிளவுடுக்கு மாற்றியபோது

வெளி நிறுவனங்களோடு கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள வைத்திருந்த பழைய எஸ்எஃப்டிபி சர்வரை மூடிவிட்டு, கிளவுடில் இயங்கும் கோப்புப் பரிமாற்றச் சேவைக்குப் போவதென்று முடிவானதும், எந்தச் சேவை நல்லது என்ற பேச்சுதான் பெரிதாக ஓடியது. என்னைக் கேட்டால் அது சின்ன வேலை. யார், எந்தக் கோப்பை, எப்போது அனுப்புகிறார்கள் என்ற பட்டியல்தான் முக்கியம். அதை சர்வர் லாகிலிருந்தே, அதாவது அதில் நடந்ததெல்லாம் பதிவாகும் குறிப்பிலிருந்தே எடுத்தேன். ஒரு மாத லாக் போதாது. காலாண்டு முடிவில் மட்டும் தலைகாட்டும் கணக்குகள் அதில் சிக்காது.

சோதனையில் முதலில் மாட்டியது ஹோஸ்ட் கீ, அதாவது இணைவது சரியான சர்வரோடுதானா என்று காட்டும் அடையாளச் சாவி. புதிய சர்வரின் கீ வேறாக இருந்ததால், வெளி நிறுவனம் ஒன்றின் ஸ்கிரிப்ட் இணைய மறுத்தது. அதைக் குறை சொல்ல முடியாது, நடுவில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றுதான் அது நினைக்கும். கீயை மாற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவதைவிட, அந்தச் சாவியின் ரகசியப் பாதியான, பழைய சர்வரின் பிரைவேட் கீயையே புதிய சேவையில் ஏற்றினோம். இந்த வசதி எல்லாவற்றிலும் இருக்காது, வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றுவது பலரின் வழக்கம். கிளவுடில் கோப்புகள் சேமிக்கப்படும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் அது பெரும்பாலும் நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான். பெரிய கோப்பென்றால் நேரமாகும். அதனால் இறுதிப் பெயரில் கோப்பு வந்த பிறகே அதை எடுத்துக் கையாளும் எங்கள் தானியங்கி ஜாப் தொடங்கும்படி செய்தோம்.

புதிய சேவையின் நிலையான ஐபியை (மாறாத இணைய முகவரி) முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. சர்வர் பெயருக்கு எந்த ஐபி என்ற டிஎன்எஸ் பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 86400 விநாடியிலிருந்து 300க்கு சில நாள் முன்பே இறக்கியதால், சிக்கல் வந்தால் அன்றிரவே பழையதற்குத் திரும்ப வழி இருந்தது. பழைய சர்வரை அடுத்த காலாண்டு முடியும்வரை அணைக்கவில்லை.